மாடிப்படித் திருப்பம்

அந்தப் பெரிய வீட்டில் மாடிப்படித் திருப்பத்தில் மட்டும்தான் வைஃபை ஒழுங்காகக் கிடைக்கும். அதனால், பேச்சு நின்றுபோன பிறகும் மங்கையர்க்கரசியும் அவள் கணவர் தணிகாசலமும் மாலையானால் அங்கே வந்து, முழங்கால் இடிக்க, ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருப்பார்கள்.

மாட்டிப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொல்லி, வீடு முழுக்க வைஃபை பரப்பும் இரண்டு மெஷ் செட்டுகளைக் கடைக்காரர் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டும் முட்டைபோல வெள்ளை, வழவழப்பு. எது எதுவென்று அடையாளமே தெரியவில்லை. முதல் செட்டை மாட்டியதும், சிக்னல் நிறைந்துவிட்டதென்று அறைக்கு அறை நீல விளக்கு பூத்தது. தணிகாசலம் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டாவதை மாட்டிய அன்றும் அதே நீலம், அதே சாத்திய கதவு. வீடு மெல்லக் கடலுக்கடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

எதை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் மங்கையர்க்கரசி படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மேலே கதவு திறந்தது. தணிகாசலம் போனைப் பார்த்தபடியே இறங்கி வந்தார்.

“ரூம்ல சரியா கிடைக்கல,” என்றார்.

அவருக்குப் பின்னால், திறந்த கதவுக்குள், நீல விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

“ஆமாங்க,” என்றாள். “ரெண்டுமே சரியில்ல.”