போகிறவளைத் திட்டுவது

மார்னி உணவகத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்தேன்.

எங்கள் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணி அவள் கையில்தான் ஓடுகிறது. இன்னும் இரண்டு வருஷம் ஆட வேண்டியவள். பத்து நாளுக்கு முன், வேறு கல்லூரிக்கு மாற நினைக்கிற பிள்ளைகள் பெயர் கொடுக்கிற பட்டியலில் தன் பெயரையும் கொடுத்துவிட்டாள். எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் இடியைவிடச் சீக்கிரம் காதில் விழுவது இந்த மாதிரிச் செய்திதான்.

முன்பெல்லாம் மாறிப் போகிற பிள்ளை ஒரு வருஷம் ஆடாமல் பெஞ்சில் உட்கார வேண்டும். இப்போது இன்று இங்கே, நாளை அங்கே. ஆடுகிறவளுக்குப் பணம் கொடுப்பதும் சரிதானாம். வக்கீல்கள் உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறார்கள். வக்கீல் பேசி முடித்த எதையும் நான் நம்புவதில்லை.

ஏழு மணி நேரம் காரில் போக வேண்டிய ஒரு பெரிய பல்கலைக்கழகம் அவளைக் கூப்பிட்டிருந்தது. அவளுடைய அப்பா மூன்று வருஷம் மாடு வளர்த்துச் சம்பாதிப்பதை ஒரே வருஷத்தில் தருகிறார்கள் என்று பேச்சு.

நாங்கள் தந்தது கறிக்கடைச் சுவரில் அவள் படமும், மாதம் ஒரு பெட்டி பன்றிக்கறியும்.

அவள் கறி தின்பதை விட்டு ஒரு வருஷமாகிறது. யாரும் அவளைக் கேட்கவில்லை.

நேராக என் மேஜைக்கு வந்தாள். ஆறடி. அவள் நின்றால் எனக்கு விளக்கு மறைந்துவிடும்.

“உக்காரலாமா தாத்தா?”

நான் அவளுக்குத் தாத்தா இல்லை. அணியில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து திட்டுகிற கிழவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

“உக்காந்தா எவ்வளவு குடுப்பேன்னு முதல்ல கேட்டுக்க. அப்புறமா உக்காரு.”

“டெல்மர், வாய மூடிட்டு சாப்பிடு,” என்றாள் கடைக்காரி டார்லா.

மார்னி சிரித்தபடி உட்கார்ந்தாள். என் தட்டில் காரமான கறிக்குழம்பும், அதோடு தின்கிற பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் இருந்தன. குழம்பை ஓரமாகத் தள்ளிவிட்டு ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொண்டாள்.

இந்தப் பத்து நாளும் நான் அவளை விடவில்லை. பெட்ரோல் பங்கில் ஒரு தடவை, தேவாலய வாசலில் ஒரு தடவை. எங்கள் அணிச் சட்டையைக் கழற்றி ஏலம் விடுவாயா என்று கேட்டேன். அங்கே போன பிறகு எங்கள் ஊர் எந்தத் திசை என்றாவது தெரியுமா என்று கேட்டேன்.

போகிறவளைத் திட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு. எப்படியும் போய்விடுவாள். நம் பேச்சால் எதுவும் கெட்டுப்போகாது.

“போன வாரம் அங்க போய்ப் பார்த்துட்டு வந்தேன்,” என்றாள். “பதினஞ்சாயிரம் பேர் உக்கார்ற அரங்கம். ஆள் இல்லாதப்ப சும்மா பத்து ஃப்ரீ த்ரோ போட்டுப் பார்த்தேன். நாலு கூடைக்குள்ள போகல.”

“முட்டிய மடக்கல நீ.”

“பார்க்காமலே சொல்றீங்க!”

“பார்க்கணுமா என்ன? பணம் வந்தா முட்டி மடங்காது.”

“முட்டி எவ்வளவு மடங்குதுன்னு சொல்ல அங்க ஒரு மெஷினே வச்சிருக்காங்க தாத்தா. படம் போட்டுக் காட்டுது.” ரொட்டியைக் கீழே வைத்தாள். “ஆனா திட்டல. எல்லாரும் அவ்வளவு இனிமையா பேசுறாங்க. நானும் நின்னு நின்னு பார்த்தேன். ஒருத்தர்கூடத் திட்டல.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை.

“அந்தப் பட்டியல்லேருந்து பேரை எடுத்துட்டேன். இப்பதான் கோச்கிட்ட சொல்லிட்டு வரேன். இங்கயேதான் இருக்கப்போறேன். ரெண்டு வருஷமும் நீங்க கத்தணும், சொல்லிட்டேன்.”

உணவகமே எழுந்து கை தட்டியது. டார்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்று யாருக்கும் ரொட்டிக்குக் காசு இல்லை என்றாள். பின் மேஜைக்காரன் வந்து என் முதுகில் அறைந்தான். திட்டித் திட்டியே பிள்ளையை நிறுத்திவிட்டாயே என்றான்.

மார்னி என் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுப் பயிற்சிக்கு ஓடினாள்.

நான் தொப்பியைத் தூக்கவில்லை.

எங்கள் அரங்கத்தில் முன்வரிசை நாற்காலி கிடைத்தவனுக்கு அது சாகும்வரை சொந்தம். ஏப்ரலில் ஒரு கெடு வைப்பார்கள். அதற்குள் புதுப்பித்துக்கொண்டே வந்தால் போதும். ஒரு வருஷம் விட்டாலும் அடுத்து காத்திருக்கிறவனுக்குப் போய்விடும். அதை உயிலில் எழுதி வைத்தவர்கள்கூட உண்டு.

கெடு போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. டிக்கெட் கொடுக்கிற பெண் இரண்டு தடவை கேட்டாள், நிச்சயமாகவா என்று. நிச்சயமாக என்று சொல்லி நாற்காலியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, ஏழு மணி நேரம் தள்ளியிருக்கிற அந்தப் பெரிய அரங்கத்துக்குப் போன் செய்தேன். மேலே, கடைசி வரிசையில் வருஷம் முழுமைக்கும் ஓர் இடம் வாங்கினேன். வண்டிக்கு நாலு புது டயரும் போட்டேன். அவள் அவர்களுக்கு இன்னும் சரி என்றுகூடச் சொல்லியிருக்கவில்லை.

இங்கே என் நாற்காலி இப்போது விதைக்கடை லைலுடையது. பதினோரு வருஷம் காத்திருந்தானாம். முளைக்காத விதைச் சோளத்தை என் தலையில் கட்டியவன். முப்பது வருஷமாக அவனோடு எனக்குப் பேச்சு கிடையாது.

டார்லாவைக் கூப்பிட்டு, லைலின் போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன்.

அவள் காப்பிக் குடுவையைக் கீழே வைத்தாள்.

“ஐயோ, யாரு செத்துட்டாங்க?”