கருவளையம்

சியோலில் ஒரு புகைப்படக் கடை. டிசைன் மாணவி நாரேவுக்கு அங்கேதான் இன்டர்ன்ஷிப். பெயர்தான் பெரிசு, வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களின் படத்தில் கம்ப்யூட்டரிலேயே கோட்டு மாட்டிவிடுவதுதான் முழுநேர உத்தியோகம்.

அன்று வந்த ஓர் அம்மாள் செல்போனை நீட்டினாள். விளம்பரத் தட்டி ஒன்றின் முன்னால், டி-ஷர்ட்டில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எம் பொண்ணு உன்சோல். டிசைன் படிப்பு. இந்தப் படத்துக்குக் கறுப்புக் கோட்டு போட்டுத் தரணும், இப்பவே.”

“அட, நம்ம ஆளா! இன்டர்ன்ஷிப் எங்கம்மா?”

“விளம்பரக் கம்பெனியில. ராவும் பகலும் வேலை.”

“அங்கேயே நிரந்தரமா எடுத்துக்கறாங்களா? அதுக்குத்தான் படமா?”

“நாளைக்கு மொதலாளி பாப்பாரு” என்றாள் அம்மாள்.

நாரே கோட்டை மாட்டினாள். கலைந்த முடியைச் சரிசெய்தாள். கண்ணுக்குக் கீழே வந்ததும் அம்மாள் பதறினாள்.

“கருவளையத்தை அழிக்காத, கண்ணு!”

“ஐயோ, இந்த மூஞ்சிக்கு எவன்மா வேலை குடுப்பான்? நாங்கல்லாம் தூங்கறதே இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்.”

“தெரியட்டும்.”

நாரே சலிப்போடு விட்டுவிட்டாள். “விண்ணப்பத்துல ஒட்டற சைஸ்தானே? எட்டு காப்பி போடட்டுமா?”

“பெருசா ஒண்ணு போதும். கறுப்பு ரிப்பன் கட்டி, வெள்ளைச் சாமந்திக்கு நடுவுல வைக்கணும்.”

நாரே மவுஸை விட்டுவிட்டு அம்மாள் பக்கம் திரும்பினாள்.

“நாளைக்கு எழவுக்கு வர்ற அந்த மொதலாளி அவ படத்து முன்னால மண்டிபோட்டுக் கும்பிடுவாரு. நிமிரும்போது அந்தக் கண்ணைப் பாக்கட்டும்.”