வாசனை வராத பன்னிரண்டு பெட்டிகள்

அப்பாவின் சிநேகிதர் ஜக்ரு சித்தப்பாவின் பன்னிரண்டு தேனீப் பெட்டிகளையும் திறந்து பார்த்தேன். ஒன்றில்கூட ஓம எண்ணெய் வாசனை இல்லை.

"நான் குடுத்த குப்பி எங்க சித்தப்பா?"

"தீந்துபோச்சும்மா."

"எப்படித் தீரும்? பல்வலிக்குத் தடவிட்டீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

முசாபர்பூரில் லிச்சிப் பூ முடிந்து தேனும் எடுத்தாயிற்று. மறுநாள் ஊர்ப் பெட்டிகள் எல்லாம் ஒரே லாரியில் ஜார்க்கண்டில் பூத்திருக்கும் புங்கங்காட்டுக்குப் போக வேண்டும். ஒரு பெட்டியில் உண்ணி இருந்தாலும் போதும், பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் மேலும் ஏறிவிடும். கூட்டுறவு சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே வீடு வீடாகப் போய், பெட்டிகளை எண்ணி, எண்ணிக்கைப்படி உண்ணியைக் கொல்லும் அந்த எண்ணெயை அளந்து கொடுத்தவள் நான். மிச்சம் ஒரு சொட்டு இல்லை.

"எண்ணெய் வைக்காத பெட்டி லாரியில ஏறக்கூடாது" என்றேன்.

பூவே இல்லாத இந்த வெயிலில் இங்கே கிடந்தால் தேனீ பட்டினிதான். அது அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கெஞ்சவில்லை. சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். என் அப்பாவை ஒரு தடவை பார்த்தார். அப்பா குனிந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். சிநேகிதனை நினைத்து வெட்கப்படுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பெட்டிகளை நான் சோதிக்கவில்லை. அப்பாதானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை லாரியில் ஏற்றும்போது ஒவ்வொன்றாக நோட்டில் குறித்தேன். எங்கள் பெட்டிகள் நாற்பது என்று எழுதியிருந்தது. ஐம்பத்திரண்டு ஏறின. எல்லாவற்றிலும் ஓம வாசனை தூக்கலாக அடித்தது.

லாரி கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பாவிடம் கேட்டேன்.

நான் எண்ணிவிட்டுப் போன பிறகு, கூட்டம் பெருகிய பெட்டிகளை இரண்டாகப் பிரித்தாராம். பன்னிரண்டு கூடிவிட்டதாம். என்னிடம் இன்னொரு குப்பி கேட்டால், சொந்த வீட்டுக்கு அள்ளிக் கொடுத்தாள் என்று ஊர் பேசுமே என்று பயந்தாராம்.

"ஜக்ருதான் தன் குப்பியக் கொண்டாந்து என் கையில திணிச்சான்."

"நேத்து எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கலாமேப்பா."

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லத்தான் நெனச்சேன். அவன் விடல. 'படிச்சு வந்த புள்ளை மொதமொதலா ஒரு கணக்குப் போட்டிருக்கு. அது தப்பாப் போச்சுன்னு ஊருக்குத் தெரிய வேணாம்'னுட்டான்."