இரண்டாவது ஆட்டக்காரி

"வலது பக்கம் மூணு பேரு வர்றானுங்க. அவனுங்களை நான் பாத்துக்கறேன், நீ கதவாண்ட ஓடு."

ஜினமதியின் குரல்தான். கூடவே சடசடவென்று துப்பாக்கிச் சத்தம்.

தயிர் வாங்க வந்த பக்கத்து வீட்டு செண்பகம், கையில் கிண்ணத்தோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

டிவியில் வீடியோ கேம். திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. மேல் பாதி மகன் ரித்தீஷுக்கு, கீழ்ப் பாதி அம்மாவுக்கு. ஆளுக்கொரு கன்ட்ரோலர். வேற்றுக்கிரகத்து ஆட்கள் பச்சை நெருப்பைச் சுட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"இன்னாக்கா இது?"

"உக்காரு செண்பகம். கடைசி கட்டம். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சாகணும்."

ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். ஏழு மணிக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ரித்தீஷ் சென்னை பஸ் ஏற வேண்டும். நாளைக்கு வேலையில் சேருகிறான். ஆட்டப் பெட்டியோ நண்பனுடையது, ஆறரைக்கு வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். இன்று விட்டால் இந்த ஆட்டம் முடியவே முடியாது.

செண்பகத்துக்கு அதுவா கவலை? போன வாரம்தான் அவள் கொசு அடிக்கும் பேட்டை வீசிக்கொண்டிருந்தபோது, மதில் மேல் எட்டிப் பார்த்து ஜினமதி சொன்னாள்: "அதுவும் உசுருதானே செண்பகம். வலை கட்டிக்கயேன்." பேட் அன்றே பரணுக்குப் போனது. ஒரு வாரமாகக் கொசு அவளைப் பிடுங்கித் தின்கிறது.

"கொசுவுக்கு ஒரு நியாயம், உங்க ஊட்டு டிவிக்கு ஒரு நியாயமாக்கா?"

"அத்தை, இதெல்லாம் பொம்மை," என்றான் ரித்தீஷ், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பத்து வருஷத்துக்கு முன்னால வந்த ஆட்டம். படத்தை மட்டும் புதுசா வரைஞ்சு திரும்ப விட்டிருக்காங்க. அம்மா, செத்துட்டியா?"

"செத்துட்டேன். தோ, வந்துட்டேன்."

"பெத்தவளைப் பார்த்துக் கேக்கற கேள்வியாடா இது?"

"ஒருத்தர் செத்தா ஒண்ணும் இல்ல அத்தை. இன்னொருத்தர் உசுரோட இருந்தா, அவர் பக்கத்துலயே எழுந்துடலாம். ரெண்டு பேரும் ஒண்ணா செத்தாதான் பேஜாரு. மொதல்லேருந்து ஆடணும்."

படித்து முடித்துப் பத்து மாதம் வேலையில்லாமல் இருந்தவன். அந்தக் குடும்பத்திலேயே முதல் இன்ஜினியர். நாலாவது இன்டர்வியூவும் போன அன்று, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனிடம் ஜினமதிதான் போய், "எனக்கும் ஒரு கன்ட்ரோலர் குடு, எப்படி ஆடறதுன்னு சொல்லு" என்று கேட்டாள். இன்று பன்னிரண்டாவது கட்டம்.

"ரித்தீஷு, பழைய படத்துக்கு மாத்துடா. புதுசுல இதுங்க மூஞ்சி ரொம்ப நல்லா தெரியுது."

அவன் ஒரு பொத்தானை அமுக்கினான். எல்லோரும் சதுரமும் கட்டமுமாக ஆனார்கள்.

"மூஞ்சியைப் பார்த்தா கை கூசுதா?" என்றாள் செண்பகம். "நாலு பேருக்குச் சொல்ற வாய். தெருவுல ஒருத்தரையும் உட மாட்டேன், சொல்லப்போறேன்."

"சொல்லிக்கோ. ஜன்னலாண்ட போய் சூரியன் இருக்கான்னு மட்டும் பாரு."

செண்பகம் எட்டிப் பார்த்தாள். "தென்னைமரத்துக்குக் கீழ போயிட்டான்."

"வண்டியில ஏறும்மா, ஜல்தி. நாம இருக்கற விண்வெளிக் கப்பல் வெடிக்கப் போவுது. நாலே நிமிஷம். நான் ஓட்டறேன், பின்னால வர்றவங்களை நீ பாரு."

"பாத்துக்கினுதான் இருக்கேன்."

வண்டி பறந்தது. பாலம் இடிந்தது. அம்மா இரண்டு முறை வண்டியிலிருந்து விழுந்து, இரண்டு முறை செத்து, இரண்டு முறையும் எழுந்து ஓடிவந்து ஏறினாள். செண்பகத்தின் கிண்ணம் எப்போதோ தரைக்குப் போயிருந்தது.

"எடது பக்கம் திருப்புடா, எடது," என்று கத்தியது அவள்தான்.

மூன்று விநாடி பாக்கி இருந்தது. வண்டி பள்ளத்தைத் தாண்டிக் குதித்தது. பின்னால் திரை முழுக்க வெள்ளையாக வெடித்தது.

ரித்தீஷ் அம்மாவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். "எறக்குடா, முட்டி இடிக்குது," என்று அவள் சிரித்தாள். செண்பகமும் கைதட்டிவிட்டு, உடனே ஞாபகம் வந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னிக்கே என் பேட்டைப் பரண்லேருந்து எறக்கறேன். எத்தினி உசுரு போச்சுன்னு கணக்கு இருக்குமே, படிடா. உங்கம்மா கேக்கட்டும்."

திரையில் முழு ஆட்டத்தின் கணக்கு வந்தது. ரித்தீஷ் சத்தமாகப் படித்தான்.

"முதல் ஆள், ரித்தீஷ். சுட்டு வீழ்த்தியது ஆயிரத்து நானூத்தி ஆறு. செத்தது முப்பத்தொண்ணு."

"அப்புறம்?"

"ரெண்டாவது ஆள், அம்மா. செத்தது இருநூத்திப் பன்னெண்டு. சுட்டு வீழ்த்தியது..."

அவன் டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான்.

"பூஜ்யம்."

அவன் அம்மா பக்கம் திரும்பினான்.

"அம்மா, நீ ஒருத்தனைக்கூட சுடலையா?"

"அப்போ அந்த ரிமோட்டை வச்சிக்கினு இத்தினி நாளா இன்னாக்கா பண்ணீங்க?" என்றாள் செண்பகம்.

ஜினமதி கன்ட்ரோலரை வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்:

"இவனைச் சுட வர்றதையெல்லாம் முன்னால ஓடிப்போய் என் பக்கம் இழுத்துக்கினேன். நான் செத்தா எழுந்து வந்துடறேன் செண்பகம். அதுங்க எழுந்து வர்றதில்லையே."