பெரிய இன்ஜின் வேணும்

மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பல் டாக்டர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்.

“இதுல இருக்கிற சின்ன இன்ஜினைத் தூக்கிட்டு, பெருசா ஒண்ணு வச்சுடு. எவ்வளவு மிதிச்சாலும் எருமை மாதிரி நகருது. சைக்கிள்காரன்கூட முந்திட்டுப் போறான்.”

“வீட்டுல அக்காவுக்குத் தெரியுமா சார்?”

“மூச்சு விட்டுடாதே. வேகம்னாலே அவளுக்குப் பயம்.”

பானெட்டைத் திறந்த மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

“இதுல இருக்கிறதே பெரிய இன்ஜின்தான் சார்.”

“யார் வச்சது?”

“நான்தான். போன வருஷம் அக்கா மாத்தச் சொன்னாங்க. அவங்க ஓட்டுற கார் பந்தயத்துக்குச் சின்னது பத்தலையாம்.”

டாக்டர் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அப்புறம் எனக்கு மட்டும் ஏன்யா போக மாட்டேங்குது?”

“நீங்க ஓட்டுற அன்னைக்கு ஆக்ஸிலேட்டருக்கு அடியில ஒரு மரக்கட்டை சொருகியிருக்கும் சார். உங்களுக்கு நிதானம் போதாதுன்னு அக்காவோட ஏற்பாடு.”

“முதல்ல அந்தக் கட்டையை உருவு.”

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“இருங்க சார், அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.”