போடாத சீட்டு

“மியாகே செய்சாகு!”

நாடாளுமன்ற அவை எழுத்தர் என் பெயரைக் கூப்பிட்டபோது என் கையில் இரண்டு மரச்சீட்டுகளும் இருந்தன. வெள்ளை என்றால் சம்மதம். நீலம் என்றால் மறுப்பு. இரண்டிலும் என் பெயர்தான் எழுதியிருந்தது.

மேலே பார்வையாளர் மாடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நான்தான் அனுமதி வாங்கி, நீலச் சீட்டுப் போடப்போகிறேன் என்று கடிதம் எழுதி, ஒக்கயாமாவிலிருந்து டோக்கியோவுக்கு வரவழைத்தேன். அது போன மாதம். எனக்கு வீரம் இருந்த மாதம்.

விஷயம் சின்னதுதான். பஞ்சு மில்களில் பெண்களை ராத்திரி ஷிப்டில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் வருகிறது. வரட்டும், ஆனால் பதினைந்து வருஷம் கழித்து அமலுக்கு வரட்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார்கள். அதற்குத்தான் வாக்கெடுப்பு.

பதினைந்து வருஷம்! இன்றைக்கு மில்லுக்குள் போகிற பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அதற்குள் இருபத்தேழு ஆகிவிடும். உயிரோடு இருந்தால்.

அக்காவும் பன்னிரண்டு வயதில்தான் போனாள். அவள் ராத்திரி ஷிப்ட் பார்த்த காசில்தான் நான் சட்டம் படித்தேன். மில் விடுதியில் நாற்பது பேருக்கு முகம் கழுவ ஒரே தொட்டி, துடைக்க ஒரே துண்டு. ஒருத்திக்கு வந்த கண்நோய் எல்லாருக்கும் வந்தது. இப்போது அக்காவுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும்தான் தெரியும். அதே விடுதிச் சமையற்கட்டில் தடவித் தடவி முள்ளங்கி சீவிக்கொண்டிருக்கிறாள்.

காலையில் ரயிலை விட்டு இறங்கியபோது நல்ல மேலங்கி ஒன்று போட்டிருந்தாள். புதுசா என்று கேட்டேன்.

“என்னோடதா? போடா! எல்லாம் விடுதிப் புள்ளைங்க குடுத்து அனுப்புனது. சீப்பு ஒருத்தியோடது, செருப்பு ஒருத்தியோடது. அங்க உனக்குப் பேரே என்ன தெரியுமா? நீலத் தம்பி!”

ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

மதியம் எங்கள் கட்சிச் செயலாளர் என்னை நடைக்கூடத்தில் பிடித்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. தோளில் கை போட்டுக்கொண்டார்.

“யாரு எதப் போட்டாங்கன்னு அவைக் குறிப்புல அச்சாகும், மியாகே. உங்க ஊரு மில்காரங்க ஒரு எழுத்து விடாமப் படிப்பாங்க. அவங்க தயவில்லாம அந்தத் தொகுதியில எவன் ஜெயிச்சிருக்கான்?”

எவனும் ஜெயித்ததில்லை. நானும்தான்.

எழுத்தர் கூப்பிட்டதும் எழுந்து நடந்தேன். மேடை வரை முப்பது அடி இருக்கும். என் காலடிச் சத்தத்தை அக்கா மேலே இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளையைக் கொடுத்தேன்.

எழுத்தர் வாங்கித் தட்டில் போட்டார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். துரோகம் பண்ணினால் இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கேட்கும் என்று நினைத்திருந்தேன்.

நீலத்தை என் அங்கியின் கைக்குள் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

திருத்தம் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. நான் ஒருவன் நீலம் போட்டிருந்தால் ஒன்றும் மாறியிருக்காது. இதை அன்றையிலிருந்து தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு நாளும் மனசு கேட்கவில்லை.

மாடப்படியின் அடியில் அக்கா சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அழுதிருந்தாள். நடையை வைத்தே நான்தான் என்று கண்டுகொண்டு கையைப் பிடித்தாள்.

“தோத்துப் போச்சுல்ல?”

“ஆமாக்கா.”

“போகட்டும் விடுடா. நீ நமக்குப் போட்டியே, அது போதும். உம்பேரக் கூப்புட்டப்ப எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு.”

பொய் சொல்கிற வேலையைக்கூட அவள் எனக்கு வைக்கவில்லை.

பிறகு கையை நீட்டினாள்.

“இன்னொண்ணு உங்கிட்டதான இருக்கு? நீ போடாத சீட்டு, அந்த வெள்ளை. அதக் குடு. புள்ளைங்க கேட்டு அனுப்பிருக்காளுங்க. சமையக்கட்டுல ஆணியடிச்சு மாட்டணுமாம். நமக்காக ஒருத்தர் போடாம வச்ச சீட்டுன்னு எல்லாரும் பாக்கணுமாம்.”

சீட்டு அவையின் சொத்து, வெளியே கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாள். எண்ணி முடித்ததும் வெள்ளை என்னிடமே திரும்பி வந்துவிடும், அதை வாங்கிக் கொடுத்து ஏமாற்றியும் இருக்கலாம். இரண்டும் நாக்கு நுனி வரை வந்தன.

நீட்டிய அந்தக் கையைப் பார்த்தேன். கண் போகும் வரை மில்லில் எனக்காக அறுந்த இழைகளை முடிச்சுப் போட்ட கை.

அங்கியின் கைக்குள்ளிருந்து சீட்டை எடுத்து அதில் வைத்தேன்.

அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். துணியில் சுற்றி, மேலங்கிக்குள் நெஞ்சோரமாகப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

சாயங்கால ரயிலில் கார்டிடம் சொல்லி அவளை ஏற்றிவிட்டேன். வண்டி மறுநாள் மதியம் ஒக்கயாமா போய்ச் சேரும். அவளைக் கூட்டிப்போக விடுதியிலிருந்து இரண்டு பெண்கள் ஸ்டேஷனுக்கு வருவார்களாம். சின்னப் பெண்கள், மில்லில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம்.

அவர்களுக்கு இன்னும் கண் நன்றாகத் தெரியும்.