பழுதாய்ப் போன பன்னிரண்டு போத்தல்

"போன கிழமை தந்த பன்னிரண்டு போத்தலையும் திருப்பித் தாங்க காக்கா. அது பழுதாப்போன சாமான்."

கரைவலை இழுத்து முடித்து, பாலமுனைக் கடற்கரை மணலில் குந்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த, ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற காலிதீன் நிமிர்ந்து பார்த்தார். செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடி யதுசா நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. முதலில் உட்காரச் சொன்னார், ஒரு பிளேன்டீ குடிக்கச் சொன்னார். அவள் இரண்டுக்கும் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

யதுசா காரைதீவுக்காரி. பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் மீன் வாங்க இந்தக் கரைக்கு வந்தவள், மீனை விட்டுவிட்டுக் காலிதீனின் உள்ளங்கையைத்தான் பார்த்தாள். கயிறு அறுத்து, உப்புத் தண்ணீர் ஊறி, தோல் பிளந்து சிவந்து கிடந்தது. சோறு பிசைய ஏலாது தங்கச்சி, கரண்டியாலதான் தின்னுற என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கைக்கு ஒரு காப்புச் செய்கிற வேலை அன்றைக்கே தலைக்குள் ஏறிவிட்டது.

கையில் ஊற்றித் தேய்த்தால் இரண்டு நிமிடத்தில் காய்ந்து, வெங்காயத் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும் ஒரு பூச்சு. கையுறை போட்டால் கயிறு வழுக்கும், இது வழுக்காது. உப்பை உள்ளே விடாது. முதல் பூச்சு கடல் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், சவர்க்காரம் எதற்கும் மசியவில்லை. மூன்று நாள் கையோடேயே கிடந்தது. யதுசாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பூசினால் மூன்று நாளைக்குக் கழராது என்று பெருமையாகச் சொல்லி, வலை இழுக்கிற பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு போத்தல் கொடுத்தாள். ஒரு கிழமையில் பன்னிரண்டும் நிரம்பியபடியே திரும்பி வந்தன, கூடவே ஒரு பை பாரை மீனும். எரிகிறதா, மணக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டாள். சேச்சே, நல்ல சாமான்தான், எங்களுக்குத்தான் சரிவராது என்றார் காலிதீன். அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாரையைச் சமைத்துத் தின்றபோது அவளுக்கு ருசியே தெரியவில்லை.

மணம்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தானாகவே முடிவு கட்டி, ஒரு மூலப்பொருளை மாற்றி இரண்டாவது பூச்சைச் செய்தாள். கடல் தண்ணீரில் ஊறப் போட்டாள், கல்லுப் போல நின்றது. போதும் என்று கொண்டுவந்து கொடுத்தும் விட்டாள். நேற்று ஆய்வுகூடத்தில் குழாயைத் திறந்து கை கழுவியபோதுதான் பிழை தெரிந்தது. நல்ல தண்ணீர் பட்ட இடமெல்லாம் பூச்சு கஞ்சி மாதிரி இளகி ஓடிப்போனது.

திங்கட்கிழமை கொழும்பிலிருந்து, இந்த ஆய்வுக்குக் காசு தருகிற குழு வருகிறது. கரையில் யாராவது இதைப் பூசிக்கொண்டு வேலை செய்கிறார்களா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பையும் இழுத்து மூடச் சொல்லிவிடுவார்கள். அது நடக்கிறபடி நடக்கட்டும், அதற்கு முன்னம் இந்த மனிசர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறி வந்திருந்தாள்.

போத்தலா, அந்தா கிடக்கு என்று மீன் வாடிக் கொட்டில் பக்கம் கையைக் காட்டினார் காலிதீன்.

போய்ப் பார்த்தாள். பன்னிரண்டும் வெறும் போத்தல். ஒரு சொட்டு மிச்சமில்லை. போன முறை திருப்பியாவது தந்தார்கள், இந்த முறை மண்ணில் ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களில பிழையில்ல காக்கா, நான்தான் வடிவாப் பாக்காமத் தந்திட்டன். கடல் தண்ணிக்கு நிக்கும், நல்ல தண்ணி பட்டாக் கழண்டு போயிரும். இதை வச்சு நீங்க என்னத்தச் செய்யிற."

அந்த நேரம் பள்ளியில் லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. கொஞ்சம் இரிங்க என்று காலிதீன் எழும்பினார். மற்றவர்களும் கயிற்றைப் போட்டுவிட்டு வாடிக் கிணற்றடிக்கு நடந்தார்கள். வலையில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிற அஸீம் வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்ற, காலிதீன் இரண்டு கையையும் நீட்டினார்.

காலையில் பூசிய பூச்சு அவர் விரலிடுக்கிலிருந்து இளகி வழிந்து ஓடியது. யதுசா கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். அதற்குக் கீழே தெரிந்த உள்ளங்கையில் வெடிப்பெல்லாம் ஆறி, புதுத் தோல் வந்திருந்தது.

முகமும் கையும் காலும் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட அவளிடம் வந்தார் காலிதீன்.

"முந்தின சாமான் கழரல்லயே தங்கச்சி. தொழ முந்தி இப்பிடிக் கழுவி வுழு எடுக்கக்குள்ள தண்ணி தோல்ல படணும், படாட்டித் தொழுகை கூடாது. கை வெடிச்சாலும் பரவாயில்ல எண்டுதான் திருப்பித் தந்த. இவ்வளவு பாடுபட்டுச் செஞ்ச புள்ளைக்கிட்ட அதச் சொன்னா மனம் நொந்துபோகும் எண்டு சொல்லாம விட்ட."

யதுசா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை. திங்கட்கிழமை யார் வந்தாலும் வரட்டும், பன்னிரண்டு பேரும் கையைக் காட்டுகிறோம், இருக்கிறதை எல்லாம் அள்ளிக்கொண்டு வாங்க என்றார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"நாங்க வாய் திறந்து சொல்லாமலே எங்கட நிலமைய விளங்கி, கடல்ல நிண்டு கிணத்தடியில மட்டும் கழர்ற மாதிரிச் செஞ்சிரிக்காவே எண்டு, ஒரு கிழமையா அஞ்சு நேரத் தொழுகையிலயும் ஒங்களுக்குத் துஆ கேட்டு வாறம், நீங்க என்னண்டா அதப் பழுது எண்டுறீங்க."